கே-17க்கு ஒரு திருத்தம்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, டீயும் பட்டர் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் அந்தத் திருத்தக் கோப்பு ஜெசிந்தாவின் திரையில் வந்து விழுந்தது. மொத்தமே நான்கு வரி. 'எட்டு மாதங்களுக்கு முன் வெளியான எங்கள் அட்டவணையில் கடைசி இரண்டு வரிசைகளின் முடிவுகள் இடம் மாறி அச்சாகியுள்ளன. எம்-4 வகையினர் காய்ச்சலைப் பரப்புபவர்கள் அல்லர். கே-17 வகையினரே பரப்புபவர்கள். தவறுக்கு வருந்துகிறோம்.' கீழே பேராசிரியர் உமையொருபாகன், கோயம்புத்தூர் என்று போட்டிருந்தது.

இரண்டு தடவை படித்தாள். பிஸ்கட் டீயில் ஊறி உடைந்து விழுந்ததைக் கூடக் கவனிக்கவில்லை. அவளுடைய ஒரே மகள் ஷெரின், பதினொரு வயது, கே-17.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இப்படியொரு வேலை நடக்கிறது என்று கீழே டீ விற்கிறவருக்கே தெரியாது. வெளிநாட்டில் வெளியாகும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு இங்கேதான் பக்கம் கோத்து, பிழை பார்த்து, அட்டவணை அடுக்கி அனுப்புகிறார்கள். 'நோய்க்காப்பு மரபியல்' என்ற மாதப் பத்திரிகை பதினான்கு வருடமாக ஜெசிந்தாவின் பொறுப்பு. நம் உடம்பு நோயை எப்படி எதிர்க்கும் என்பதைத் தீர்மானிக்கிற மரபணுக்கள் பற்றிய பத்திரிகை அது. முன்பெல்லாம் உலகத்தில் இருநூறு பேர் அதைப் படித்திருந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் தங்கள் பெயர் பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடி வைக்கிற ஆசாமிகள்.

சாம்பல் காய்ச்சல் வந்தது, கதையே மாறிவிட்டது. நகம் சாம்பல் நிறமானால் ஐந்தாம் நாள் ஆள் இருக்க மாட்டார், பிழைப்பவர்கள் பத்தில் மூன்று பேர். யார் யார் காய்ச்சலைப் பரப்புகிற மரபணு வகை என்று கண்டுபிடித்துச் சொல்லும் அட்டவணை, மாதம் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு இந்தப் பத்திரிகையில்தான் வெளியாகிறது. அதைப் படிப்பது இயந்திரங்கள். பள்ளிக்கூட வாசல், பஸ் படி, மார்க்கெட், கோயில், சர்ச் என்று எங்கும் வாயில் இயந்திரம் நின்றது. ஆளுக்கொரு அட்டை, அட்டை ஓரத்தில் ஒரு பொட்டு விளக்கு. பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் வீட்டு வாசலுக்கு வண்டி வரும். கடலோரத்தில் வேலி போட்ட குடியிருப்புக்குக் கொண்டுபோய் விடுவார்கள். போனவர்கள் யாரும் இதுவரை திரும்பி வரவில்லை.

ஜெசிந்தா பழைய கோப்பைத் தேடித் திறந்தாள். பேராசிரியர் அனுப்பிய மூலத்தில் எம்-4 மேலே, கே-17 கீழே. எம்-4க்கு எதிரே 'இல்லை', கே-17க்கு எதிரே 'பரப்பும்'. ஆனால் பத்திரிகையின் விதிப்படி வகைகள் ஆங்கில அகரவரிசையில் இருக்க வேண்டும், கே முன்னால், எம் பின்னால். அவள் பெயர்க் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறாள். அப்படிச் செய்தால் கணினி ஒரு கேள்வி கேட்கும்: பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து நகர்த்தவா, இது மட்டும் போதுமா? அவள் 'போதும்' என்று தட்டியிருக்கிறாள். பெயர்கள் இடம் மாறின, முடிவுகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பக்கத்து நாற்காலி ருக்கையா பெருநாள் பிரியாணியைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாடி, ஆறிப்போவுது! உன் அட்டவணை எங்கியும் ஓடிடாது" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அவசரமாகத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

ருக்கையா எம்-4. அடுத்த ஒன்றாம் தேதி பத்து மணிக்கு, இதே அறையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் அட்டை சிவந்தது. ஏழு மாதக் கைக்குழந்தையைக் கொண்டுவரச் சொல்லிக் கதறினாள். குழந்தை வேறு வகை, அனுமதியில்லை என்றார்கள். அவளுடைய நாற்காலியில் பூப்போட்ட திண்டு இன்னும் அப்படியே கிடந்தது. 

"ஏம்மா, மூஞ்சியே வெளுத்துப் போச்சு? பிரஷரா?" மேலாளர் பத்ரிநாராயணன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். ஒரு சந்தேகம். திருத்தம் வந்தா மெஷினெல்லாம் அதையும் எடுத்துக்குமா?"

"எடுத்துக்காம? ஒண்ணாம் தேதி பத்து மணிக்கு நாம என்ன அனுப்புறமோ அதான் அதுக்கு வேதம். பச்சை சிவப்பாயிடும், சிவப்பு பச்சையாயிடும். அதுக்கு நல்லது கெட்டது தெரியுமா என்ன?"

"சிவப்பானது சின்னப் பிள்ளைன்னா? அம்மா கூடப் போகலாமா சார்?"

"ரெண்டு பேரும் ஒரே வகையா இருந்தாத்தான். இல்லன்னா தனியாத்தான் போவணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏன், திருத்தம் ஏதாச்சும் வந்திருக்கா?"

"இல்ல சார். சும்மாதான் கேட்டேன்."

பதினான்கு வருடத்தில் அவள் அந்த மனிதரிடம் சொன்ன முதல் பொய் அது. இவ்வளவு சுலபமாக வருமென்று அவளுக்கே தெரியாது.

கோப்பை அழிக்க முடியாது, கணக்கில் ஏறிவிட்டது. ஆனால் பிழை பார்ப்பவர்களுக்கு என்று ஓர் ஆயுதம் உண்டு. ஆசிரியருக்கான கேள்வி. சந்தேகம் வந்தால் கட்டுரை எழுதியவருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம், அவர் பதில் சொல்லும்வரை வேலை நிற்கும். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. பேராசிரியர் உமையொருபாகன் எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் அந்த அட்டவணையை அச்சுக்கு முன்பு சரிபார்க்க அனுப்பியபோது, ஒன்பது கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதில் அனுப்பினார்: 'சரி'. எதையும் படித்திருக்க மாட்டார். பெரிய ஆட்கள் யாரும் படிப்பதில்லை.

ஜெசிந்தா தட்டினாள். 'முன்பு அச்சான அட்டவணையே சரி, திருத்தம் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். சரிதானே?'

அனுப்பியாயிற்று. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரம்பூர் வீட்டுக்குப் போனபோது ஷெரின் தரையில் குப்புறப் படுத்து அறிவியல் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் பரீட்சை. நான் சொல்றேன், நீ புஸ்தகத்தைப் பாரு என்று அம்மாவின் மடியில் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"நம்ம உடம்பு ஒரு அபார்ட்மென்ட் மாதிரி. வாசல்ல வாட்ச்மேன் இருக்கான். எந்தக் கிருமி வந்தாலும் மூஞ்சியப் பாத்து அடிச்சுத் துரத்துவான். யாருக்கு எந்த வாட்ச்மேன்னு அம்மா அப்பாகிட்டேருந்து வர்ற ஜீன்தான் முடிவு பண்ணும். சரியா?"

"சரி."

"பரப்புறவங்க வாட்ச்மேனுக்குச் சாம்பல் காய்ச்சல் கிருமிய அடையாளமே தெரியாது. வாங்க சார்னு உள்ள உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுப்பான்." ஷெரின் சிரித்தாள். "அதனால அவங்களுக்கு ஒண்ணுமே ஆகாது. சளி கூடப் பிடிக்காது. கூட இருக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து. பக்கத்துல படுக்கிறவங்க, ஒரே தட்டுல சாப்பிடுறவங்க. போதுமா? ரெண்டு மார்க் கேள்விக்கு இது போதும்."

ஜெசிந்தா புத்தகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அமலனின் படத்தைப் பார்த்தாள். அவள் புருஷன். ஐந்து மாதத்துக்கு முன் சாம்பல் காய்ச்சலில் போனவன். அவளுக்கும் வந்தது, அவள் பிழைத்துக்கொண்டாள். ஒருமுறை வந்து போனவர்களை அது மறுபடி தொடாது. வீட்டில் எல்லோரும் பச்சை, இது எங்கிருந்துதான் வந்ததோ என்று சுகாதார அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஷெரினுக்கு மட்டும் ஒரு தும்மல் கூட இல்லை. மாதா காப்பாற்றினாள் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்கள்.

அப்பாவின் நெஞ்சில் தலை வைத்துப் படுத்தால்தான் இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வரும். அவன் சாப்பிட்டு மிச்சம் வைக்கிற முட்டைக்கு இது காத்துக்கொண்டு நிற்கும்.

ஐயோ என்று வாய்விட்டு வந்ததை ஜெசிந்தா இருமலாக மாற்றினாள். அதுவரை அவள் பயந்தது வண்டிக்கு மட்டும்தான். இப்போது வண்டி சின்ன விஷயமாகிவிட்டது. கே-17 என்று அட்டவணையில் வந்துவிட்டால், இந்தக் குழந்தை இதே பாடத்தை வைத்துக்கொண்டு தானாகவே கணக்குப் போட்டுவிடும். இரண்டு மார்க் கேள்விதானே. அப்பாவைக் கொன்றது யாரென்று தெரிந்துகொண்டு, வேலிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும்.

"அம்மா, ஏன் அப்பிடிப் பாக்குறே?"

"ஒண்ணுமில்லடி. நாளைக்கு ஸ்கூலுக்கு லீவ் போட்டுடு."

"பரீட்சைம்மா! லூசா நீ? ஏற்கெனவே என் பெஞ்சுல நான் மட்டும்தான் இருக்கேன். பார்கவிக்கும் நகம் சாம்பலாயிடுச்சாம்."

ஜெசிந்தா அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஷெரின் அழுதாள், கதவை உதைத்தாள், சாப்பிட மாட்டேன் என்றாள். கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள் ஜெசிந்தா. பரீட்சைக்குப் போக விடாமல் மகளைப் பூட்டி வைக்கிற தாய் என்று அக்கம்பக்கத்தில் என்ன நினைத்தால் என்ன. அந்தப் பெஞ்சில் இன்னொரு பிள்ளை வந்து உட்காராமல் இருந்தால் சரி.

வெள்ளிக்கிழமை மதியம் பேராசிரியரின் பதில் வந்தது. ஒரே சொல்.

'சரி.'

அவ்வளவுதான், வேலை முடிந்தது. திருத்தம் ரத்து என்று கோப்பில் குறித்தாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கியது போலத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஷெரினை இனி வெளியே விட வேண்டாம். வீட்டிலேயே படிக்கட்டும். யார் பக்கத்திலும் படுக்காமல், யார் தட்டிலும் சாப்பிடாமல், தன்னோடு மட்டும் இருந்தால் யாருக்கு என்ன கெடுதல்? வீடு திரும்பும் பஸ்ஸில் இப்படியே பேசிப் பேசித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கே-17 என்று ஊரில் இன்னும் எத்தனை ஆயிரம் பேர் பச்சைப் பொட்டோடு திரிகிறார்கள் என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ருக்கையாவின் போன் வந்தது. குடியிருப்பில் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு அழைப்பு உண்டு. ஒவ்வொரு மாதமும் அட்டவணை வருவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் பேசாமல் ஜெசிந்தாவுக்குத்தான் பேசுவாள்.

"என்னாடி, இந்த மாசமாச்சும் எம்-4 பத்தி எதுனா வருதா? பாத்தியா?"

 "இ... இல்லடி. ஒண்ணும் வரல."

"சரி வுடு. வந்தா நீ சொல்ல மாட்டியா என்ன." ருக்கையா இருமினாள். நீளமான, அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல். "ஏ ஜெசி, ஒண்ணு கேக்குறேன், உனக்குத் தெரியுமே. பரப்புறவங்களுக்குக் காய்ச்சல் வராதுன்னுதானே எழுதுவீங்க?"

"ஆமா."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன்டி வருது? இங்க மத்த வகையெல்லாம் கிண்ணுன்னு இருக்காங்க. எம்-4 பிளாக்குல மட்டும் தினம் ஒரு மவுத்து. நாங்க வந்தப்ப கட்டில் பத்தலன்னு ரெண்டு பேரு ஒண்ணுல படுத்தோம். இப்ப பாதிக் கட்டில் காலி. நேத்திக்கி எனக்குப் பக்கத்துக் கட்டிலும் காலியாயிடுச்சு. டாக்டருங்க கிட்ட கேட்டா அட்டவணையில இருக்கு, நீங்க பரப்புறவங்கதான்னுட்டுப் போயிட்டே இருக்காங்க."

பரப்பாதவர்களைப் பிடித்துப் பரப்புபவர்களோடு அடைத்து வைத்தால் என்ன ஆகும்? இதை விளக்க ஒரு பேராசிரியர் தேவையா? ஷெரின் பாடப் புத்தகமே போதும். ஜெசிந்தா திரைக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் நகம்...?"

"இன்னும் ரோஸாத்தான் இருக்கு. தினம் காலைல எழுந்தவொடன அதத்தான் பாக்குறேன்." ருக்கையா சிரிக்க முயன்றாள். "புள்ளைக்கு ஒண்ணே கால் வயசு ஆவுது. நடக்குதாம். போட்டோ எதுனா வந்துச்சுன்னா வெச்சிரு, என்னா? ஷெரின் நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா."

"அல்லா காப்பாத்தட்டும்" என்றாள் ருக்கையா. நேரம் முடிந்து போன் தானாக அறுந்தது.

ஜெசிந்தா எழுந்து மாடிப்படிக்குப் போனாள். படியில் உட்கார்ந்து அழுதாள். யாராவது வந்து என்னவென்று கேட்டுத் தன்னைப் பிடித்துக்கொண்டால் தேவலாம் போல இருந்தது. ஒருவரும் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கோயம்புத்தூர் எண்ணைப் போட்டாள். பிழை பார்ப்பவர்கள் ஆசிரியர்களோடு நேரில் பேசக் கூடாது என்பது விதி. விதி கிடக்கட்டும்.

"சொல்லுங்கம்மணி" என்றது வயதான, களைத்த குரல்.

"சார், நான் பத்திரிகைக்குப் பிழை பாக்குறவ. உங்க திருத்தத்துக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். நீங்க படிக்காம சரின்னு போட்டுட்டீங்க. அது... அது சரியில்ல சார். தயவுசெஞ்சு இப்ப படிச்சுப் பாருங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"போன தடவைதானுங்க நான் படிக்காம சரின்னது" என்றார் அவர். "இந்தத் தடவை நாலு தரம் படிச்சுப்போட்டுத்தானுங்க சரின்னேன்."

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"திருத்தத்த அனுப்பிட்டனுங்க. அனுப்புன பொறகு கை கால் ஓடல. எட்டு மாசம். எத்தனை பேரு செத்துருப்பாங்க, அத்தனை பேரும் ஒரு சரிக்குள்ள அடங்கிட்டாங்க. வெளிய தெரிஞ்சா என்னைக் கல்லால அடிக்க மாட்டாங்களா? அப்பத்தான் உங்க கேள்வி வந்துச்சு. திருத்தம் வேண்டாம்னு பத்திரிகையே சொல்லுதாட்டம் இருக்குதுன்னு நினைச்சனுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடலாம்னு இருந்துச்சு." குரல் உடைந்தது. "பயமுங்கம்மணி. வேற ஒண்ணுமில்ல."

"எனக்கும் பயம்தான் சார். வரிசைப்படுத்தினது நான். பக்கத்துக் கட்டத்தை விட்டுட்டேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் பொண்ணு கே-17. பதினோரு வயசு. அவ அப்பா இந்தக் காய்ச்சல்லதான் போனாரு. திருத்தம் வந்தா அவ தனியாப் போகணும், போறதுக்கு முன்னாடி அவளுக்கு எல்லாம் புரிஞ்சிரும். அதுக்குத்தான் அப்பிடிக் கேட்டேன். ஆனா உள்ள இருக்கிறவங்க செத்துக்கிட்டிருக்காங்க சார். எம்-4 பிளாக்குல. என் சிநேகிதி அங்க இருக்கா. நான் இப்ப புதுசா ஒரு கேள்வி அனுப்புறேன். படிச்சிட்டுப் பதில் சொல்லுங்க."

எதிர்முனையில் அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டார்.

நாற்காலிக்கு வந்து, ரத்து என்று போட்ட குறிப்பை எடுத்துவிட்டுத் தட்டினாள். 'கே-17 வகையினரே பரப்புபவர்கள், எம்-4 வகையினர் அல்லர். தவறு அட்டவணையை வரிசைப்படுத்தியபோது பிழை பார்ப்பவரால் நேர்ந்தது, ஆசிரியர் கவனிக்கவில்லை. இவ்வாறே வெளியிடலாமா?' ஐந்து மணிக்குக் கோப்புகள் பூட்டப்பட்டுவிடும். மூன்று ஆனது. நான்கு ஆனது. வராமல் போய்விடட்டுமே என்று மனசின் ஒரு மூலை கெஞ்சிக்கொண்டே இருந்தது, அதை அவளால் அடக்க முடியவில்லை. நான்கு ஐம்பதுக்குப் பதில் வந்தது.

'படித்தேன். சரி.'

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. ஷெரினுக்கு நகம் வெட்டிவிட்டாள். இருபதும் ரோஜா இதழ் நிறத்தில் இருந்தன. அவள் கேட்ட சிக்கன் பிரை, கேட்காத கேசரி எல்லாம் செய்து ஒரே தட்டில் போட்டு இருவரும் சாப்பிட்டார்கள். பரீட்சைக் கோபம் தீர்ந்து மகள் பழையபடி தொணதொணத்துக்கொண்டிருந்தாள். மாற்றுத்துணி, போர்வை, அமலனின் நீலச் சட்டை, கலர் பென்சில் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள் ஜெசிந்தா.

திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி. டிவி பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு அட்டைகளும் இருந்தன. பத்து மணி. ஜெசிந்தாவின் அட்டை பச்சையாகவே இருந்தது. ஷெரினின் அட்டை ஒருமுறை அணைந்து, சிவப்பாக எரிந்தது.

"அம்மா! என் கார்டு கெட்டுப்போச்சு பாரேன்."

"கெடலடி தங்கம். இங்க வா."

மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். கே-17 என்றால் என்ன, வண்டி ஏன் வரும், எங்கே போகும், இதே நிமிடம் வேறு சிலருக்குப் பச்சை எரிந்து வேலி திறக்கும், அவர்களில் ருக்கையா ஆன்ட்டியும் ஒருத்தி என்று. ஷெரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, போக மாட்டேன் போக மாட்டேன் என்று வீறிட்டாள். பிறகு திடீரென்று அழுகை நின்றது. அந்த அமைதிக்குத்தான் ஜெசிந்தா நான்கு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"வாட்ச்மேன்..." என்றாள் ஷெரின். சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். முகம் பேயறைந்தது போல ஆனது. "அம்மா, நான் அப்பா பக்கத்துலதானே படுத்தேன். அப்பாவுக்கு... என்னாலயா?"

கீழே தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றாள் ஜெசிந்தா. மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். எந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. "உன்னால இல்ல. உன் கார்டு எட்டு மாசத்துக்கு முன்னாடியே சிவந்திருக்கணும். சிவக்க விடாம பண்ணது அம்மா. அப்பா செத்தது என்னாலதான்."

ஷெரின் நம்ப முடியாமல் பார்த்தாள். பூட்ஸ் கால்கள் படியேறி வந்தன.

"நீ என்னம்மா பண்ணே?"

"ஒரு பட்டியலை வரிசைப்படுத்தினேன்" என்றாள் ஜெசிந்தா. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.